தாங்கலும் மேய்க்காலும் காலி நிலம் இல்லை: நிலம் எடுக்க வந்திருக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்பூங்காவின் இரண்டாம் கட்டத்துக்காக எங்கள் ஊரில் நிலம் எடுக்க வந்திருக்கும் அதிகாரிகளுக்கு,

ஊராட்சி அலுவலகச் சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் சர்வே எண் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பட்டா நிலங்களுக்கு நேரே உரிமையாளர் பெயரும் பரப்பும் இருக்கின்றன. எங்கள் தாங்கல் என்னும் சிறிய ஏரிக்கும், ஊர் மாடுகள் மேயும் பொது நிலமான மேய்க்காலுக்கும், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓடும் கீற்று நிலங்களுக்கும் நேரே 'அரசு புறம்போக்கு, காலி' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். பட்டா நிலத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று ஊரில் பலர் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. நான் பேச வந்தது காலி என்று நீங்கள் எழுதிய இடங்களைப் பற்றி.

நான் ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் மூன்று கறவை மாடுகளும் வைத்திருப்பவள். என் மகன் இதே பூங்காவின் முதல் கட்டத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். ஆகவே தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. முதல் கட்டம் வந்த பிறகு சாலை வந்தது, பஸ் வந்தது. பன்னிரண்டாம் வகுப்போடு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண் பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போய், தங்கள் பெயரில் பேங்க் கணக்கு தொடங்கி, அப்பா வாங்கிய கடனை அடைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் கண்ணால் பார்த்தவள் நான். அதே கண்ணால் பார்த்த மற்றவற்றையும் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் மேய்க்கால். எங்கள் ஊர் பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீடுகளில் பாதிக்கு மேல் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீடுகள். அவர்கள் மாடு வளர்ப்பது மேய்க்காலை நம்பித்தான். காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் மாலை வரை மேய்ச்சல் அங்கேதான். தவிடு, புண்ணாக்குக்கு மட்டும் கையில் காசு இருந்தால் போதும். முதல் கட்டத்தில் மேய்க்காலின் வடக்குப் பக்கத்தைச் சுவர் வைத்து எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடமே ஆடு வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டார்கள். அடுத்து, நிலத்தை விற்றவர்கள் நெல் நடுவதை நிறுத்தியதால் வைக்கோலும் ஊரில் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து லாரியில் வரும் வைக்கோலைக் கட்டுக் கணக்கில் காசு கொடுத்து வாங்கி மாடு வளர்த்தால் பால் காசில் மிச்சம் ஒன்றும் நிற்காது. பல வீடுகளில் தொழுவம் இப்போது வாடகை அறையாக மாறிவிட்டது. சொசைட்டியில் முன்பெல்லாம் விடியற்காலையில் கேன் வைக்க வரிசையில் நிற்க வேண்டும். இப்போது போனதும் ஊற்றிவிட்டு வரலாம்.

இதில் யாருக்காவது ஒரு ரூபாய் இழப்பீடு வந்ததா? வரவில்லை. அவர்கள் பெயரில் நிலம் இல்லை, எடுத்த நிலம் அரசுடையது. காகிதப்படி யாரும் எதையும் இழக்கவில்லை. இப்போது மீதி மேய்க்காலும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. கணவனை இழந்த பிறகு இரண்டு மாட்டை வைத்துக்கொண்டே மகளை நர்சிங் படிக்க வைக்கும் ஒரு பெண் என் தெருவில் இருக்கிறாள். இரண்டாம் கட்டத்தில் அவள் இழக்கப்போவது உங்கள் பட்டியலின் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள்.

அடுத்தது தண்ணீர். பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். ஆயிரக்கணக்கான ஏரிகள் இங்கே உண்டு. பெரிய ஆறு எதையும் நம்பாமல், வடகிழக்குப் பருவமழையை ஏரியில் பிடித்துவைத்து, சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று போகமும் பார்த்த மண் இது. எங்கள் ஏரி தனியாக நிற்பது இல்லை. மேலூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியாக வழிந்து தாங்கலுக்கு வரும். தாங்கல் நிரம்பி எங்கள் ஏரிக்கு வரும். எங்கள் ஏரியின் உபரி கீழூருக்குப் போகும். இதற்கு நடுவில் உள்ள வரத்துக்கால்கள் கோடையில் பார்த்தால் கருவேல முள் மண்டிய வெறும் பள்ளமாகத்தான் தெரியும். உங்கள் சர்வே ஆட்கள் சித்திரை வெயிலில் வந்து அளந்தார்கள். கார்த்திகையில் வந்திருந்தால் அதே பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள்.

தாங்கலை எடுத்துக்கொண்டு அதே அளவுக்கு வேறு இடத்தில் குளம் வெட்டித் தருவோம் என்று கூட்டத்தில் ஓர் அதிகாரி சொன்னார். நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கல் இருக்கும் இடத்தை யாரோ விருப்பப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. சுற்றிலும் உள்ள மேட்டு நிலத்து மழைநீர் எங்கே தானாக வந்து சேருமோ அங்கே கரை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் வராத மேட்டில் எவ்வளவு பெரிய குளம் வெட்டினாலும் அது குழிதான்.

முதல் கட்டத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போதும் தண்ணீர்ப் பாதைக்குத் தொந்தரவு வராது என்றுதான் சொன்னார்கள். கம்பெனி மனைகளை அஞ்சாறு அடி உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கினார்கள். அந்த மண் எங்கிருந்து வந்தது? எங்கள் ஏரியிலிருந்தே வந்தது. ஏரியை ஆழப்படுத்துகிறோம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு சவுடு மண்ணை இரவு பகலாக லாரியில் அள்ளினார்கள். விவசாயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மதகு மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, ஏரி நிறைந்தது போலப் படத்திலும் தெரிகிறது, மதகில் மட்டும் சொட்டு வருவதில்லை. கடைமடைக்காரர்கள் நவரையை விட்டு வருடங்கள் ஆகின்றன. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய நீர்கட்டி குடும்பத்துக்கு இப்போது ஊரில் வேலையே இல்லை. அவர் மகன் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார்.

மேடாக்கிய மனைகளுக்கு நடுவே வயல் வழியாகப் பரவலாக ஓடிவந்த மழைநீர் போக வழியில்லாமல் தாழ்ந்த பக்கம் திரும்பியது. தாழ்ந்த பக்கத்தில் இருப்பது ஆதிதிராவிடர் தெரு. 2015 டிசம்பர் மழையில் முதலில் அங்கேதான் தண்ணீர் ஏறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். அப்போது ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, அது சாதாரண மழை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த சாதாரண மழைகளிலும் அதே தெருவில்தான் தண்ணீர் நிற்கிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஶ்ரீபெரும்புதூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்தான் அடையாற்றுக்கு வருகிறது. மேலே தேங்க வேண்டிய தண்ணீர் தேங்காவிட்டால் முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் அது ஒரே நேரத்தில் வந்து சேரும். அன்றைக்கு அந்தப் பகுதிகளில் படகில் ஆட்களை மீட்டதை நாடே பார்த்தது.

நிலத்தடி நீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். கிணறு வற்றிய விவசாயிகளே போர் போட்டு டேங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்கிறார்கள். நெல்லைவிட அதில் காசு வருகிறது என்றால் அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எனக்குப் பயம் தண்ணீரின் அளவைவிட அதன் தன்மையைப் பற்றித்தான். சில இரவுகளில் கழிவுநீர் லாரிகள் விளக்கை அணைத்துக்கொண்டு வரத்துக்கால் ஓரத்தில் நிற்கின்றன. புகார் கொடுத்தால் வண்டி எண் எங்கே என்று கேட்கிறார்கள். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். சில வருடங்களிலேயே அதில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. சுத்திகரிக்காமல் கழிவு விட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2011இல். அவ்வளவு காலம் அந்தக் கரையில் இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள், மாட்டுக்கு எதைக் காட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். 'உங்கள் பிள்ளைகளுக்கு வேலை' என்றுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு தொடங்குகிறது. என் மகன் ஐடிஐ முடித்தவன். முதலில் டிரெய்னி என்று எடுத்தார்கள். பயிற்சி முடிந்ததும் அனுப்பிவிட்டு, வேறொரு கான்ட்ராக்டர் மூலமாக அதே லைனில் அதே வேலைக்கு மறுபடியும் எடுத்தார்கள். இன்றுவரை நிரந்தரம் இல்லை. நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனால் சுற்றுவட்டார ஊர்ப் பெயரைப் பார்த்ததும் இடம் இல்லை என்கிறார்கள். உள்ளூர்க்காரன் சங்கம் சேர்ப்பான், ஊரில் ஒரு சாவு என்றால் லீவு கேட்பான் என்பதுதான் காரணம் என்று உள்ளே இருப்பவர்களே சொல்கிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் ஊரிலும் இப்படி ஏதோ ஒன்று நடந்துதான் இங்கே வந்திருப்பார்கள். அவர்களுக்கும் நிரந்தரம் கிடையாது.

கம்பெனி நிரந்தரமாக இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. ஶ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் தொடங்கிய ஆலை 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள், அதிலும் பெரும்பாலும் இளம்பெண்கள், வேலை இழந்தார்கள். மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. வியாபாரம் சரியில்லை என்றால் கம்பெனி போகும், அது அவர்கள் கணக்கு. ஆனால் கம்பெனி போன பிறகு மண் கொட்டி மூடிய தாங்கலை யார் வந்து தோண்டிக் கொடுப்பார்கள்? வயலை விற்றவர் அந்தக் காசில் அதே சுற்றுவட்டாரத்தில் அரை மனைகூட வாங்க முடியாத விலை இன்று நடக்கிறது.

சட்டப்படிதான் எல்லாம் செய்கிறோம் என்று சொல்கிறீர்கள். சட்டத்தைப் பற்றி நானும் கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மத்திய அரசின் 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சொல்லும்போது, மூன்று வருடமாக அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கும் கூலிக்காரர்களையும் குத்தகைக்காரர்களையும் சேர்த்தே சொல்கிறது. அந்த ஆய்வு இங்கே நடந்திருந்தால் என் தெருப் பெண்ணின் பெயர் ஏதோ ஒரு காகிதத்தில் வந்திருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் சமூகத் தாக்க ஆய்வு கட்டாயம் இல்லை. 2019இல் உயர்நீதிமன்றம் அது செல்லாது என்றது, அரசு மறுபடியும் சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தது, 2021இல் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு 2023இல், 100 ஹெக்டேருக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்கு நீர்நிலைகள் அடங்கிய நிலத்தையும் ஒருங்கிணைத்துக் கொடுக்க வழிசெய்யும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆக, நீங்கள் செய்வது சட்டத்துக்கு உட்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் சமூகத் தாக்க ஆய்வு நடத்தக் கூடாது என்று எந்தச் சட்டமும் உங்கள் கையைப் பிடிக்கவில்லை. மனம் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

ஊர்ப் பொது நிலம் பொதுவிலேயே இருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊராட்சிகளிடம் திருப்பிக் கொடுக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்கச் சொன்னது அந்தத் தீர்ப்பு. ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்ட ஏழையை அப்புறப்படுத்த இப்படிப்பட்ட தீர்ப்புகளைத்தான் நீங்கள் காட்டுகிறீர்கள். குடிசைக்குப் பொருந்துவது கம்பெனி மனைக்கும் பொருந்த வேண்டும்.

கிராம சபையில் தாங்கலையும் மேய்க்காலையும் கொடுக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டோம். முதலில் ஜனவரி 26 கூட்டத்தில், அப்புறம் மே 1 கூட்டத்தில். பெண்கள் நிறையப் பேர் வந்து கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு உங்களிடமிருந்து ஒரு வரி பதில் இல்லை. இதே மாவட்டத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று ஒன்று வைத்து, அதற்குக் குடவோலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தை அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு விருந்தினர்களுக்கு அதைப் பெருமையாகக் காட்டுகிறோம். அப்படிப்பட்ட மாவட்டத்தில், ஏரியைப் பற்றி ஊர் எடுத்த தீர்மானத்துக்குப் பதில் கடிதம் கேட்டு நிற்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்க ஊரில் பயம் இருக்கிறது. 2023 நவம்பரில் செய்யாறு அருகே மேல்மா பகுதியில் அரசின் சிப்காட் தொழிற்பூங்கா விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் போட்டார்கள். மாநிலம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகே அவர்களில் ஆறு பேர் மீது போட்டது விலக்கப்பட்டது. 'பேசினால் நமக்கும் அதுதான்' என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களே பிள்ளைகளை அடக்குகிறார்கள். அதனால் கூட்டத்தில் யாரும் எதிர்க்கவில்லை என்று உங்கள் குறிப்பில் எழுதினால் அது சம்மதம் ஆகாது.

நாங்கள் கேட்பது இவை. தாங்கல், மீதமுள்ள மேய்க்கால், வரத்துக்கால் ஓடும் நிலங்கள் மூன்றையும் இரண்டாம் கட்டப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். முதல் கட்டத்தில் ஒதுக்கிய மனைகளில் இன்னும் முள் மண்டிக் கிடப்பவை இருக்கின்றன, புதிதாகக் கம்பெனி வந்தால் முதலில் அதைக் கொடுங்கள். பட்டியலை இறுதி செய்வதற்கு முன், வரும் ஐப்பசி, கார்த்திகையில், நீர்வளத்துறைப் பொறியாளர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மேலூர்க் கலங்கலிலிருந்து எங்கள் மதகு வரை நீங்களும் நாங்களும் சேர்ந்து நடப்போம், எங்கள் நீர்கட்டி வழி காட்டுவார். நீங்கள் பார்த்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள்.

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் சமூகத் தாக்க ஆய்வை நடத்துங்கள். நிலம் இல்லாத வீடுகள், மாடு ஆடு வளர்ப்பவர்கள், குத்தகைக்கு உழுபவர்கள், ஏரியில் மீன் பிடிப்பவர்கள் எல்லோர் பெயரும் அதில் வர வேண்டும், அவர்களுக்கும் இழப்பீடு வர வேண்டும். பட்டியலில் உள்ள நிலங்களில் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று ஊர் நிலக் கணக்கான பழைய 'அ' பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் இந்தப் பக்கத்தில் நிறைய இருந்தது, கைமாறிப் போனதும் நிறைய. சுற்றுச்சூழல் அறிக்கையை முழுசாகத் தமிழில் கொடுங்கள். நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்க, சில பக்கச் சுருக்கத்தை மட்டும் தமிழில் கொடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது முறை ஆகாது.

முதல் கட்டத்தில் உள்ள ஒவ்வொரு கம்பெனியிலும் நிலம் கொடுத்த ஊர்களைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் நிரந்தரமாக இருக்கிறார்கள், எத்தனை பேர் கான்ட்ராக்ட்டில் இருக்கிறார்கள் என்று கணக்கு வெளியிடுங்கள். அதைப் பார்த்த பிறகு இரண்டாம் கட்ட வேலைவாய்ப்பைப் பற்றி நாம் பேசலாம். ஏரியிலும் குடிநீர் போர்களிலும் தண்ணீரை இப்போதே சோதித்து முடிவை எழுதிவையுங்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் முன்பு எப்படி இருந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு காகிதமாவது வேண்டும். இரவில் வரும் கழிவு லாரிகளைப் பிடிக்க வரத்துக்கால் ஓரச் சாலையில் கேமரா வையுங்கள்.

கடைசியாக, எங்கள் இரண்டு கிராம சபைத் தீர்மானங்களுக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள். ஏற்க முடியாது என்றால் ஏன் முடியாது என்று காரணத்தோடு எழுதுங்கள். அடுத்த கிராம சபை அக்டோபர் 2ஆம் தேதி. அதற்குள் பதில் வர வேண்டும். அன்றைக்கு உங்களில் ஒருவர் நேரில் வந்து அதை ஊர் முன்னால் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.